அப்பா சொன்னது அப்படியே

சிங்கப்பூரிலிருந்து மகளைப் பார்க்க வந்த சண்முகத்துக்குக் கல்கத்தாவில் எதுவுமே பிடிக்கவில்லை. டாக்சியில் நாற்றம், தண்ணீரில் நாற்றம், ஹோட்டல் தலையணையில் நாற்றம். வந்த நாளிலிருந்து முகத்தைச் சுளித்துக்கொண்டே திரிந்த மனிதர், அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தார். அந்தச் சிரிப்புதான் மகள் சாதனாவுக்குப் பிடிக்கவில்லை.

பவானிபூரில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடி அது. காது கேளாதவர்களின் சங்கம் சனிக்கிழமைதோறும் அங்கேதான் கூடும். ஒரு வருஷம் தொண்டு செய்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பி வந்த சாதனா, இரண்டாவது வருஷமும் அங்கேயே கிடந்தாள். அவர்களுடைய கைமொழியைத் தப்பும் தவறுமாகப் பழகி, அவர்களிடமே நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு, இப்போதுதான் கூடத்தின் நடுவில் போடும் ஸ்டூலில் உட்காரும் அளவுக்குத் தேறியிருந்தாள். வாயால் பேசுகிறவர் யாராவது வந்தால், ஸ்டூலில் இருப்பவர் அந்தப் பேச்சு முழுவதையும் கையால் சொல்ல வேண்டும். முழுவதும் என்றால் முழுவதும்தான். வந்தவர் செல்போனில் பெண்டாட்டியைத் திட்டினால் அதையும் சேர்த்து. வீட்டில் எல்லோரும் சிரிக்கும்போது என்ன என்று கேட்டு, 'ஒன்றுமில்லை, அப்புறம் சொல்கிறேன்' என்ற பதிலையே வாங்கி வாங்கி வளர்ந்தவர்கள் அவர்கள். இங்கே வந்துமா அந்தப் பதில்?

சங்கத்தில் ஒருத்தியான ரஞ்சனாவுக்கு அந்தப் பதில் பிரசவ அறையிலேயே கிடைத்தது. தலைப்பிள்ளை இறந்து பிறந்ததை டாக்டர் மாமியாரிடம் சொன்னார். மாமியார் பக்கத்துக் கட்டில்காரியிடம் சொல்லி மூக்கைச் சிந்தினாள். பெற்றவளுக்கு மட்டும் ஆளாளுக்கு 'அப்புறம், அப்புறம்' என்று கையை ஆட்டிவிட்டுப் போனார்கள். வெறும் மடியோடு வீட்டுக்குக் கூட்டிப் போனபோதுதான் அவளுக்கு விஷயமே தெரிந்தது. இப்போது மறுபடியும் எட்டு மாசம். இந்தத் தடவை சாதனா தன்னோடு உள்ளே இருக்க வேண்டும், டாக்டர் வாயிலிருந்து விழுவது ஒரு சொல் குறையாமல் தனக்கு வர வேண்டும் என்று கேட்டிருந்தாள். சாதனாவும் சத்தியம் பண்ணிக் கொடுத்திருந்தாள்.

அந்த ரஞ்சனா, சாதனாவின் அப்பா வருகிறார் என்று வயிற்றைத் தூக்கிக்கொண்டு பெஹாலாவிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். விடிகாலையில் எழுந்து சுட்ட லூச்சிப் பூரியையும் உருளைக்கிழங்குக் குழம்பையும் தன் கையாலேயே சண்முகத்தின் தட்டில் வைத்தாள். சண்முகம் அவளைப் பார்த்துக் கும்பிட்டார். கனிவு சொட்டச் சொட்டச் சிரித்தார். தமிழில் சொன்னார்:

"இது தொட்டத நான் திங்கணுமா? கருமம். இதுங்களுக்கெல்லாம் எதுக்குப் புள்ள? அதுவும் ஊமையாத்தான் பொறக்கும். எவனோ இதையும் தொட்டிருக்கான் பாரேன், அவனைச் சொல்லணும்."

சிரிப்பில் ஒரு மாற்றமில்லை. யாருக்குத் தெரியப் போகிறது என்ற தைரியம்! வாய் கூசவில்லை, நாக்கு கூசவில்லை. என்ன ஜென்மம் ஐயா இது! ரஞ்சனாவும் அந்தச் சிரிப்பை நம்பிப் பதிலுக்குச் சிரித்தாள். அதைத்தான் சாதனாவால் தாங்க முடியவில்லை. சிரித்த கையோடு ரஞ்சனா, 'என்ன சொல்கிறார்?' என்று அவளைப் பார்த்தாள்.

'பிள்ளை நன்றாகப் பிறக்கட்டும் என்கிறார்' என்று ஸ்டூலில் இருந்த சாதனாவின் கைகள் சொல்லின.

முகத்தைப் படித்தே காலம் தள்ளுகிறவர்களிடமா ஒளிக்க முடியும்? 'அவர் பேசியது நீளம், நீ சொன்னது குட்டை' என்றாள் ரஞ்சனா. 'உன் முகம் ஏன் செத்துப் போயிருக்கிறது? மிச்சத்தைச் சொல்.'

'அப்புறம் சொல்கிறேன்.'

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது சாதனாவுக்கு உறைத்தது. ரஞ்சனா ஓரடி பின்னால் போனாள். அவள் கை தானாக வயிற்றின் மேல் போயிற்று. இனி இவள் என்னைப் பிரசவ அறைப் பக்கம் விடமாட்டாள், விடவும் கூடாது என்று சாதனா நினைத்தாள். சீ, அந்த மாமியாருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அப்பாவின் மேல் இருந்த அருவருப்பைவிடத் தன் மேல் வந்த அருவருப்புதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது.

ஸ்டூலைவிட்டு எழுந்தாள். முதலிலிருந்து சொன்னாள். தொட்டதைத் தின்ன மாட்டேன் என்றதை, கருமத்தை, ஊமையை, எவனோ ஒருத்தனை, எல்லாவற்றையும் அப்பா சொன்னது அப்படியே சொன்னாள். ரஞ்சனாவின் கண் நிறைந்தது. ஆனாலும் அவள் சாதனாவின் கைகளைவிட்டுப் பார்வையை எடுக்கவில்லை.

சண்முகத்தின் சிரிப்பு அப்போதுதான் கழன்றது. "ஏய், என்னா பண்றே? நான் சொன்னதயா சொல்றே?"

அதையும் சொன்னாள்.

"போதும்லா! மானத்த வாங்காத!"

அதையும் சொன்னாள். சண்முகம் பாய்ந்து வந்து அவளுடைய இரண்டு மணிக்கட்டுகளையும் இறுக்கிப் பிடித்தார். நாற்காலிகள் சரிய மொத்தக் கூடமும் எழுந்துவிட்டது. சண்டை முற்றி மண்டை உடையப் போகிற நேரத்தில்கூட அங்கே யாரும் யாருடைய கையையும் பிடித்து நிறுத்துவதில்லை. அவர்களுக்கு அது வாயில் துணியைத் திணிப்பதற்குச் சமம். ரஞ்சனா கண்ணீரைக்கூடத் துடைக்காமல் முன்னால் வந்து, சண்முகத்தின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள்.

சண்முகம் நேரே மூலையிலிருந்த குழாயடிக்குப் போனார். சோப்பை எடுத்து முழங்கை வரைக்கும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாதனாவுக்கு அங்கே எடுத்துச் சொல்ல வேண்டிய வேலை எதுவும் இருக்கவில்லை.

ஈரக் கையோடு வாசற்படியில் நின்று திரும்பினார். "நாளன்னிக்கு ஃப்ளைட். உனக்கும் சேத்துத்தான் டிக்கெட் போட்டிருக்கேன். இந்தக் கூட்டத்த விட்டுட்டு வர்றியா, இல்லையா?"

அவர் கேட்டதை அவர்களுக்குச் சொல்லிவிட்டு, சாதனா தன் பதிலை ஆரம்பித்தாள், கையால். நெடுநேரம் சொன்னாள். சின்ன வயதில் வீட்டு வேலைக்காரம்மாவிடம் அவர் இதே சிரிப்போடு இதே மாதிரி பேசுவதைப் பார்த்ததைச் சொன்னாள். அந்தச் சிரிப்பு தனக்கு எப்போதும் குமட்டும் என்பதைச் சொன்னாள். ரஞ்சனாவுக்கு வலி எடுக்கும்போது தான் எங்கே இருக்கப் போகிறாள் என்பதையும் சொன்னாள். ரஞ்சனா முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

"என்னா சொன்னே? வாயத் தொறந்து சொல்லு! என்னப் பத்தி என்னா சொன்னே?" சண்முகம் கத்தினார். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கத்தினார்.

சாதனா அதையும் அவர்களுக்குச் சொன்னாள். அவருக்கு யாரும் எதையும் சொல்லவில்லை.