யன்னலால் போன கயிறு

அண்ணன் றொகானுக்குத் தொற்றுக் காய்ச்சல் விட்டுச் சில நாட்களாகியும் அவர் கண் மூடவில்லை. விரலில் மாட்டி ஒட்சிசன் பார்க்கும் கருவி சரியான அளவையே காட்டியது. சுகாதாரப் பரிசோதகரும் வாசற் படலையில் நின்றபடி இனிப் பயமில்லை என்று சொல்லிப் போனார். ஆனால் அண்ணனுக்கு, நித்திரையானால் மூச்சு நின்றுவிடும் என்ற பயம். பின்னறையில் தனியாக விழித்தே கிடந்தார். கஞ்சியும் இறங்கவில்லை.

கீரிக் கிராமத்தில் நான் போய்வந்த மாலை வகுப்பு ஊரடங்கோடு நின்றிருந்தது. ஆசிரியை தொலைபேசியில் அனுப்பிய சுகவாழ்வுப் பாடங்களை ஒழுங்காக எழுதி, யன்னலுக்கு வெளியே நின்று ஒவ்வொன்றாக அவரைச் செய்வித்தேன். காலை வெயிலில் இருப்பது, மூச்சுப் பயிற்சி, செய்தி கேட்காமல் விடுவது. எதுவும் பலிக்கவில்லை. நான் சொல்லிக்கொடுத்த விதம்தான் பிழையோ என்று திரும்பத் திரும்ப வாசித்துப் பார்த்தேன்.

இந்தியாவில் இருந்த அகதி முகாமிலிருந்து திரும்பி வந்த நாள் தொட்டு அண்ணன் சங்கு குளிப்பவர். அவர் கடலில் இறங்கும்போது இடுப்புக் கயிற்றின் மறுமுனையைப் படகிலிருந்து பிடித்திருப்பவன் அண்ணியின் தம்பி சுபாஸ். அந்தக் கயிற்றை மனைவியின் சகோதரனிடம்தான் கொடுப்பார்கள். தன் அக்காவைக் கைம்பெண்ணாக்க அவன் விடமாட்டான் என்ற நம்பிக்கை.

எங்களோடு வீட்டில் அடைபட்டிருந்த சுபாஸ், ஒரு மத்தியானம் அந்தக் கயிற்றை யன்னலால் உள்ளே எறிந்தான்.

"நெஞ்சில கட்டுங்கோ அத்தான்."

"உனக்கென்ன விசரோடா?"

"மூச்சு நிண்டா இழுப்பன்."

"யன்னல் கம்பியாலயோ இழுக்கப்போறாய்?"

"கம்பியையும் சேத்து இழுப்பன். அக்காவிட்ட ஆர் பேச்சு வாங்கிறது?"

அண்ணன் சிரித்தார். சிரித்துக்கொண்டே கட்டினார். கொஞ்ச நேரத்தில் நித்திரையில் தலை சரிந்தது.

சாப்பிடப் போகும்போது சுபாஸ் கயிற்றை என்னிடம் தந்தான். "இழுக்கவும் வேண்டாம், தளர விடவும் வேண்டாம்."

கயிறு என் உள்ளங்கையில் மெல்ல இறுகியது. தளர்ந்தது. மறுபடி இறுகியது. ஒரு மனிதரின் மூச்சு சுவரைக் கடந்து என் கைக்குள் வந்துகொண்டிருந்தது. மூச்சு என்ற சொல்லைப் பாடங்களில் எத்தனை தரம் எழுதியிருப்பேன். அதற்கு இப்படி ஒரு பாரம் இருக்குமென்று நினைத்ததில்லை. கோயிலில் புனிதரின் திருப்பண்டத்தைத் தொட்டவள்போல அசையாமல் நின்றேன்.

"ஆர் பிடிக்கிறது?" என்றார் அண்ணன், அரைத் தூக்கத்தில்.

சுபாஸ் இல்லையென்று தெரிந்தால் எழும்பிவிடுவார். பொய் சொல்லவும் வாய் வரவில்லை.

"நான்தான் அண்ணா."

கயிறு இறுகியபடியே நின்றது.

"சரி பிள்ளை. விட்டிடாதை."

பிறகு அது தளர்ந்தது.