விற்றவர் பெயர்

தெய்வாத்தாளுக்குக் கோபம் வந்தால் தெருவே கேட்கும். ஆனால் அண்ணன் ஆத்தப்பன்மேல் வந்த கோபம் மட்டும் பதினோரு வருடமாகச் சத்தமில்லாமல் உள்ளேயே வெந்துகொண்டிருந்தது. காங்கேயத்துக்குப் பக்கத்தில் அப்பன் விட்டுப்போன தோட்டத்தில், அவளுடைய பாதியையும் அண்ணன் தன் பேருக்கு மாற்றிக்கொண்டான் என்று சொன்னவர் அவள் புருஷன் திருமூர்த்தி. அன்றைக்கு ஒருதரம் அண்ணனிடம் போய்ச் சண்டை போட்டதோடு சரி, அப்புறம் அவள் அவன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தபோது பிரிக்காமலே அடுப்பில் போட்டாள்.

கேஸ் போடலாம் என்று அவள் கிளம்பும்போதெல்லாம் திருமூர்த்திதான் தடுத்தார். "கூடப் பொறந்தவனக் கோர்ட்டுக்கு இழுத்தா நல்லாவா இருக்கும்? போனாப் போகுது, விடு." கட்டினவர் இப்படித் தங்கமாக இருக்கிறாரே என்று அவள் பூரித்துப்போவாள். பாவி மனசு, நம்புகிறதென்றால் கண்ணை மூடிக்கொண்டல்லவா நம்புகிறது!

இந்தப் பங்குனியில் ஆத்தப்பன் அந்தத் தோட்டத்தில் பனியன் கம்பெனிக்குத் தகர ஷெட் போடுகிறான் என்று கேள்விப்பட்டதும் அவளுக்குப் பொறுக்கவில்லை. பெருமாநல்லூரில் வீட்டை ஒட்டியே பனியன் துணி பின்னுகிற அவர்களுடைய நிட்டிங் யூனிட். மகள் தரணியை அங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தாள்.

"என்னமோ ஏஐங்கறியே, அதுல தேடு கண்ணு. உங்க மாமன் எப்படி மாத்துனான்னு எனக்குத் தெரியோணும்."

தரணி ஊரையும் சர்வே நம்பரையும் கொடுத்துக் கேட்டாள். யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய பட்டா, வில்லங்கப் பதிவுகளையெல்லாம் துழாவி அது நாலு வரியில் சொல்லிவிட்டது. வாசிக்க ஆரம்பித்தவள் பாதியில் நின்றாள்.

"படி."

"வாங்கியவர் ஆத்தப்பன். விற்றவர் தெய்வாத்தாள். அவருக்காகக் கையெழுத்திட்ட பவர் ஏஜென்ட்... கணவர் திருமூர்த்தி."

"கருமம்! எந்திரம் ஒளறுது."

"சில நேரம் தப்பாவும் சொல்லுமுங்கம்மா. பத்திரத்தையே பாத்தரலாம்" என்று தரணி விற்பனைப் பத்திரம், பவர் பத்திரம் இரண்டுக்கும் நகல் கேட்டு மனுப் போட்டாள்.

நாலாம் நாள் நகல் வந்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். அவளுக்காக விற்கப் புருஷனுக்கு அதிகாரம் கொடுத்த பவர் பத்திரத்தில் அவளுடைய போட்டோ, அவளுடைய கையெழுத்து. நிட்டிங் மெஷினுக்கு பேங்க் லோன் என்று சொல்லிப் புருஷன் பதிவாபீசுக்குக் கூட்டிப்போனதும், காட்டின இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டதும் ஞாபகம் வந்தன. புருஷன் நீட்டுகிற காகிதத்தைப் படித்துப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை.

மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, நகலைத் திருமூர்த்தி கையில் கொடுத்தாள். அவர் அதைப் படிக்கவில்லை. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

"மெஷின் வாங்க அப்ப வேற வழி தெரியல. கேட்டா ஒத்துக்க மாட்டீன்னு பயந்துட்டேன். அப்புறம் உன்ற பங்கு என்னாச்சுன்னு நீ கேட்டப்ப, வாய்ல அப்படி வந்துருச்சு."

"மெஷினுக்குன்னு கேட்டிருந்தா நானே எழுதிக் குடுத்திருப்பனேங்க! என்ற அண்ணன ஏனுங்க திருடனாக்குனீங்க?"

தரணி மாமனுக்குப் போன் போட்டு அம்மா கையில் கொடுத்தாள்.

"அண்ணா..."

"அம்மிணியா?"

"பத்திரத்தப் பாத்துட்டனுங்கண்ணா. ஏனுங்க எங்கிட்டச் சொல்லல?"

"உன்ற பாதிய வெளியாளுக்குக் குடுக்கறேன்னாரு. அப்பன் தோட்டமாச்சேன்னு நாந்தான் வாங்குனேன். உனக்குத் தெரியாம நடந்ததுன்னு, நீ சண்டைக்கு வந்தப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது. சொன்னா நீ அவர்கூட வாழ்ந்திருப்பியா? நான் கெட்டவனா இருந்துட்டுப் போறேன், உன்ற ஊடு நல்லா இருக்கட்டும்னு இருந்துட்டேன்." பிறகு கேட்டார்: "மாப்பிள்ளை வாயத் தொறந்துட்டாரா?"

"இல்லீங்கண்ணா. கம்ப்யூட்டர்ல தேடிக் கண்டுபிடிச்சோம்."

"அப்படியா" என்றார் ஆத்தப்பன். குரல் இறங்கிப்போயிற்று. "ஒருநாளைக்கு அவரே சொல்லிருவாருன்னு பாத்துட்டே இருந்தேன், அம்மிணி."

தெய்வாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போனைப் புருஷன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"எங்கண்ணன் லைன்ல இருக்காங்க. இப்பவாவது சொல்லுங்க."