சென்னியம்மாளின் கிட்னி

மாத்திரையை நிறுத்திய பிறகுதான் ராசப்பனுக்குக் கை நடுக்கம் நின்றது. அதுவரை அவர் முட்டை அட்டையைத் தூக்கினால் முட்டைகள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போடும். கோழிப்பண்ணை வைத்திருக்கிறவனுக்கு அதைவிட அசிங்கம் என்ன இருக்கிறது.

கிட்னி கெட்டு டயாலிசிஸில் கிடந்த மனிதருக்கு, அவர் சம்சாரம் சென்னியம்மாள் தன்னுடைய கிட்னி ஒன்றைக் கொடுத்து ஒரு வருசம் தாண்டியிருந்தது. சேலத்து ஆஸ்பத்திரியில் அதைப் பொருத்தி அனுப்பும்போது, மாத்திரையை ஆயுசுக்கும் விடக்கூடாது, கிருமி தொற்றும், கோழிக் கொட்டகைக்குள் கால் வைக்கக்கூடாது என்றார்கள். இரண்டையும் அவர் நம்பவில்லை. ஆயுசுக்கும் தின்னச் சொல்கிற மருந்து மருந்துக்கடைக்காரன் பிழைப்புக்குத்தான் என்பது அவர் எண்ணம்.

புதுச்சத்திரத்தில் தன் பண்ணையில் அவர் கண்டது வேறு. சளி பிடித்த கோழிக்குத் தண்ணீரில் மருந்து கலந்து விடுவார்கள். தேறியதும் நிறுத்திவிட வேண்டும். நிறுத்தாவிட்டால் மருந்து பழகிப்போய் அடுத்த தடவை கேட்காது. தன் உடம்பும் தேறிவிட்டது, சோறு இறங்குகிறது, மூத்திரம் நன்றாகப் போகிறது, இன்னும் எதற்கு மாத்திரை? சென்னியம்மாள் கொடுப்பதை வாயில் ஒதுக்கிக்கொண்டு, கொட்டகைப் பக்கம் போய்த் துப்பிவிடுவார்.

ஆவணிக் கடைசியில் கால் வீங்கியது. சென்னியம்மாள் கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினாள். எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

"ஏனுங்க, இது என்னங்க?"

"நின்னுட்டே இருந்தம் புள்ள. வெயிலு வேற."

"மாத்திரை போடறீங்களா?"

"போடாம?"

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். "எங்க துப்புனீங்க?"

"கொட்டகைக்குப் பின்னால."

அவள் உடனே பக்கத்துத் தோட்டத்துக் காரைக் கூப்பிட்டுச் சேலத்துக்கு ஏற்றிப்போனாள்.

டாக்டர் தனப்பிரியா ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள். "ஏன் ஐயா விட்டீங்க?"

"நல்லா இருந்துச்சுங்க. உட்டுட்டேன்."

"நல்லா இருந்ததே அந்த மாத்திரையாலதான். உங்க ரத்தத்துல காவலுக்குன்னு அணுக்கள் இருக்கு. கிருமி நுழைஞ்சா, இது நம்ம ஆளு இல்லைன்னு அடையாளம் பாத்து அடிக்கும். அது இல்லாட்டி ஒரு சளிக்கே நாம தாங்க மாட்டோம். ஆனா இந்தக் கிட்னியையும் அது வெளியாளுன்னுதான் பாக்குது. அந்தக் காவலை மாத்திரை அடக்கி வெச்சிருந்துச்சு. நீங்க அவுத்து விட்டுட்டீங்க."

"என்ற சம்சாரத்தோடதுங்க. முப்பது வருசமா ஒரே சட்டியில திங்கறோம். அவ எப்படிங்க வெளியாளு?"

"அணுவுக்கு அதெல்லாம் தெரியாதுங்க ஐயா."

"இத்தன நாள்ல பழகியிருக்காதா?"

"அதை நம்பி மாத்திரையை விட முடியாது."

ஆஸ்பத்திரிக்காரர்கள் ஏதோ தப்பு செய்துவிட்டு மழுப்புகிறார்கள் என்றே அவர் நினைத்தார். டிரிப்பை ஏற்றிப் படுக்கவைத்தார்கள். செய்ய ஒன்றுமில்லாமல் விட்டத்தைப் பார்த்துக் கிடந்தபோதுதான் கூண்டு ஞாபகம் வந்தது. பழைய கோழிகள் இருக்கும் கூண்டில் புதுக்கோழி ஒன்றை விட்டால் கொண்டையைக் கிழித்துக் கொத்திக் கொன்றுவிடும். அந்த வெறியை அடக்கத்தான் குஞ்சிலேயே சூட்டுத் தகட்டில் மூக்கு நுனியை வெட்டுவது. வெட்டிய மூக்கு வளரும். வளர்ந்தால் மறுபடி வெட்ட வேண்டும். ஒரு தடவை வெட்டினதோடு சரி என்று இருந்த பண்ணைக்காரனை அவரே முட்டாள் என்று ஏசியிருக்கிறார். தன் உடம்பைச் சளி பிடித்த கோழி என்று நினைத்தது தப்பு. அது கொத்துகிற கோழி.

சென்னியம்மாளிடம் சொன்னார். "மூக்கு வெட்டாம உட்ட கூண்டு மாதிரி ஆயிப்போச்சு புள்ள."

"உங்குளுக்குக் கோழியில வெச்சுச் சொன்னாத்தான் வெளங்குமாக்கும்," என்றாள் அவள். "கொத்து வாங்குனது என்ற கிட்னிங்க."

வீக்கம் வடிந்த பிறகு தனப்பிரியா வந்தாள். "பாதியக் காப்பாத்தியிருக்கோம். அந்தப் பாதி எத்தனை காலம் ஓடும்னு எங்களால சொல்ல முடியாது," என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனாள்.

சென்னியம்மாள் அவருடைய வேட்டியை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே உதறித் திரும்பவும் மடித்தாள்.

"எங்கிட்ட இன்னும் ஒண்ணுதான் இருக்குதுங்க."

"தெரியும்."

"அதக் கேட்டு ஆரும் வந்துறாதீங்க. எனக்கும் சத்தில்ல."

"கேக்க மாட்டன்."

"பண்ணைய மருமவன்கிட்ட உட்டுருங்க. வாசலோட நின்னு பாருங்க, போதும்."

அவன் தீவனத்தில் ஏமாற்றுவான் என்று சொல்ல வாயெடுத்தார். தலையை மட்டும் ஆட்டினார்.

நர்ஸ் மாத்திரை வைத்துவிட்டுப் போனாள். சென்னியம்மாள் எடுத்துக் கொடுத்து, தண்ணீர் குடிக்கும்வரை நின்றாள்.

"வாயத் தெறங்க."

திறந்தார்.

"நாக்கத் தூக்குங்க."

பக்கத்துப் படுக்கைக்காரன் பார்த்துக்கொண்டிருந்தான். ராசப்பன் நாக்கைத் தூக்கிக் காட்டினார்.

"செரி, மூடுங்க," என்று சொல்லிவிட்டு, அவள் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினாள்.