ஆறு மணிக்கு மேல் வரும் சத்தம்

மூன்றாவது முறையும் லைன்மேன் லூர்து பகல் பதினொரு மணிக்குத்தான் வந்தார். ரிசீவரைக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு செந்தமிழனிடம் நீட்டினார்.

"கேளுங்க சார். கண்ணாடி மாதிரி இருக்கு."

கண்ணாடி மாதிரிதான் இருந்தது.

"சாயங்காலம் ஆறு மணிக்கு மேலதாங்க வருது. டக் டக்னு. பேச்சே கேக்கல."

"ஆறு மணிக்கு நான் வீட்ல டீ குடிச்சிட்டு இருப்பேன் சார். ஜீயபுரத்துல இந்தப் பக்கம் மிஞ்சியிருக்கறதே பதினோரு போன். பத்துப் பேரு வாயத் தொறக்கறதில்ல."

புகார் சரிசெய்யப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டார். செந்தமிழன் போட்டான். போடாவிட்டால் மட்டும் என்ன ஆகிவிடப் போகிறது.

அவன் வீட்டுக்குள் செல்போன் சிக்னல் எடுக்காது. ஐந்து மாதத்துக்கு முன்பு, காமாலை முற்றி மனைவி ஷெர்லின் நினைவிழந்த அன்று, ஆம்புலன்சைக் கூப்பிட ஆற்றங்கரைவரை ஓடினான். அவள் போன பிறகுதான் அப்பா காலத்து லேண்ட்லைனுக்கு மறுபடி இணைப்பு வாங்கினான். வாங்கிய நாளிலிருந்தே அந்தச் சத்தம்.

இரண்டரை வயது மகள் அறிவுமதி பொன்மலையில், ஷெர்லினின் பெற்றோரிடம் இருந்தாள். அழைத்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று கேட்டான். மாமியார் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "பிள்ளைக்கு ஜுரம் வந்தா யாரை எப்படிக் கூப்பிடுவீங்க? மொதல்ல போனைச் சரி பண்ணுங்க தம்பி." அதில் தவறு கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் அவனுக்கு எரிச்சல்.

அன்று மாலை ஏழு மணிக்கு வழக்கம்போல் பேசினான். மாமியாரின் ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு டக். அறிவுமதி வாங்கி, சத்தத்தோடு சேர்ந்து "டக் டக்" என்று சொல்லிச் சிரித்தாள். அவன் பேசியது அவளுக்குக் கேட்டதா என்றே தெரியவில்லை. "ஒண்ணுமே புரியல தம்பி, வச்சுடறேன்," என்று மாமியார் வைத்துவிட்டார்.

அவன் வைக்கவில்லை. டயல் டோனுக்குள்ளும் அது அடித்துக்கொண்டிருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினான். நிமிடத்துக்கு ஐம்பது. அடுத்த நிமிடமும் ஐம்பது. காற்றோ ஈரமோ இப்படிக் கணக்காக அடிக்காது. எம்.எஸ்சி. இயற்பியல் படித்தவனுக்கு இது தோன்ற இத்தனை மாதம் ஆகியிருக்கிறது.

ஒயர் எட்டும் தூரம் போய், ஷெர்லின் படுத்திருந்த பக்கத்து ஜன்னலைத் திறந்தான். அவள் போனதிலிருந்து திறக்காத ஜன்னல். வரப்புக்கு அப்பால், ராசப்பனின் வாழைத்தோப்பு மோட்டார் கொட்டகையில், பன்றிக்குப் போட்ட மின்வேலிப் பெட்டியின் சிவப்பு விளக்கு மின்னியது. காதில் டக். அங்கே விளக்கு. டக். விளக்கு.

அப்படியே வரப்பில் இறங்கி நடந்தான். ராசப்பன் கொட்டகை வாசலில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, ஷாக் வேலிய எப்ப போடுவீங்க?"

"சாயங்காலம் ஆறுக்கு. காலைல அணைச்சுடுவேன். பன்னி என்ன பகல்லயா வருது?"

"எர்த் எங்க குடுத்திருக்கீங்க?"

டார்ச் அடித்துக் காட்டினார். பெட்டியிலிருந்து கிளம்பிய பச்சை ஒயர் வேலியோரமாகவே போய், டெலிபோன் கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பியில் மூன்று சுற்றுச் சுற்றியிருந்தது. செந்தமிழன் வீட்டு லைன் அந்தக் கம்பத்தில்தான் வருகிறது. வேலியின் ஒவ்வொரு துடிப்பும் அதில் ஏறியிருக்கிறது.

அவனுக்குத் தலைக்கு ஏறியது. "எந்த மடையன் அண்ணே இதுல கட்டச் சொன்னான்?"

ராசப்பன் டார்ச்சை அணைத்தார்.

"சொல்லுங்கண்ணே."

"நீதான் தம்பி."

"நானா? எப்ப?"

"அந்தப் பொண்ண அடக்கம் பண்ணி நாலாம் நாளு. துக்கம் கேக்க வந்தேன். நீ வாயே தொறக்கல. எதையாவது பேசுவோமேன்னு, மண்ணு கல்லா கெடக்கு, எர்த் கம்பி எறங்க மாட்டேங்குது, என்ன பண்ணலாம்னு கேட்டேன். மண்ணுக்குள்ள போற எந்த இரும்பா இருந்தா என்ன, ஸ்டே கம்பில கட்டுங்கன்ன. எனக்கே ஒரு மாதிரிதான் இருந்துச்சு. படிச்சவன் சொல்றானேன்னு கட்டிட்டேன்."

அவனுக்கு ராசப்பன் வந்தது நினைவில்லை. சொன்னதும் நினைவில்லை. அந்த வாரத்தில் மிஞ்சியிருந்தது வாசலில் கிடந்த செருப்புகள் மட்டும். மூன்று புகார். லூர்துவை மனத்துக்குள் திட்டிய திட்டுகள். எல்லாவற்றுக்கும் இப்போது ஒரே ஆள்தான் மிச்சம்.

மறுநாள் காலையில் அந்த ஒயரை அவிழ்த்தான். கம்பத்துக்கு எதிர்க்கோடியில், வாய்க்கால் கரையின் ஈர மண்ணில், கொட்டகையில் சும்மா கிடந்த மூன்று எர்த் கம்பிகளையும் சம்மட்டியால் இறக்கினான். உள்ளங்கை கொப்புளித்தது. நிறுத்தவில்லை.

"மெதுவா தம்பி," என்றார் ராசப்பன். "பூமி ஒன்ன என்ன பண்ணுச்சு?"

மாலை ஏழு மணி. சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. பொன்மலையில் மாமியார் எடுத்தார்.

"ஹலோ? ஹலோ?" பிறகு மாமனாரிடம், "என்னங்க, கட் ஆயிடுச்சு."

"இருக்கேன் அத்தை. சரியாயிடுச்சு."

"அட." நம்பாமல் கொஞ்ச நேரம் கேட்டார். "இருங்க, மதிக்கிட்ட குடுக்கறேன்."

"மதிக்குட்டி, அப்பா பேசறேன்."

மூச்சு மட்டும் கேட்டது.

"அப்பா இல்ல," என்றாள் அறிவுமதி. "டக் டக் இல்ல."

ரிசீவர் கைமாறும் சரசரப்பு. செந்தமிழன் அவசரமாக வாய்ப்பக்கத்தை நகத்தால் தட்டினான். டக். ஒரு வினாடி விட்டு, டக்.

"அப்பா!"

பிடுங்கியதுபோல் மாமியாரின் குரல் வந்தது. "என்ன தம்பி, மறுபடியும் வருதே? சரியாயிடுச்சுன்னீங்க?"

"அது நான்தான் அத்தை."

"நீங்களா?"

"நான்தான் தட்டினேன். அவளுக்காக."

லைனில் ஒரு சத்தமும் இல்லை. அவர் மூக்கை உறிஞ்சியதுகூடத் துல்லியமாகக் கேட்டது.

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு பத்து மணிக்கு மேல வாங்க," என்றார். பிறகு, விட மனமில்லாமல், "ஆத்துப்பக்கம், கொசு ஜாஸ்தி. ஜன்னலுக்கு வலை அடிச்சுட்டு வாங்க."

செந்தமிழன் திறந்திருந்த ஜன்னலைப் பார்த்தான்.

"அடிச்சுடறேன் அத்தை."