டாரன் தூக்கிய கை

எங்கள் மலையூர் நான்ட்வெர்னில் ஒரு பழக்கம் உண்டு. பத்துப் பேர் எங்கள் பழைய மொழியான வெல்ஷில் பேசிக்கொண்டிருக்கும் இடத்துக்கு, வெல்ஷ் தெரியாத ஒருவர் வந்து உட்கார்ந்தால் போதும், அடுத்த வாக்கியம் ஆங்கிலமாகிவிடும். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. வந்தவருக்கு நாற்காலி இழுத்துப் போடுவதுபோல அதுவும் ஒரு மரியாதை. இந்த மரியாதைதான் மெலேரியின் ஆசையைக் கவிழ்க்கப் பார்த்தது.

மெலேரி ஊர்த் தேவாலயத்தின் பின்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு வெல்ஷில் பாலர் பள்ளி நடத்துகிறவள். நடக்கப் பழகியதும் அவளிடம் வருகிற பிள்ளை, நாலு வயதில் போகும்போது வெல்ஷில் சண்டையே போடும். அதற்குப் பிறகுதான் கஷ்டம். ஊர்ப் பள்ளியில் பாடம் ஆங்கிலத்தில். வெல்ஷில் படிக்க டவுனுக்குப் பஸ் ஏற வேண்டும். பனிக்காலத்து மலைப்பாதையில் நாலு வயதுப் பிள்ளையைத் தனியாக அனுப்ப யாருக்கு மனம் வரும்? ஊரிலேயே தங்கிய பிள்ளைகள் கொஞ்ச காலம் கழித்துத் தெருவில் மெலேரியைப் பார்த்தால் சிரிக்கும், ஆங்கிலத்தில் பதில் சொல்லும். அவளும் சிரித்துவிட்டு வருவாள். பக்கத்து வீட்டில் இருக்கும் என்னிடம் வந்து தேநீர் கேட்டு வாங்கிக் குடிப்பாள்.

இப்போது கவுன்சில் பள்ளிகளுக்குப் பத்து வருடத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தது. எந்த ஊரில் எப்போது வெல்ஷ் வகுப்பு தொடங்குவது என்பதெல்லாம் அதில் வரும். நான்ட்வெர்ன் அதில் சேர்ந்தால் வருகிற செப்டம்பரிலேயே முதல் வகுப்பு. சேராவிட்டால் அடுத்த திட்டம்வரை பேச்சே இல்லை. மெலேரிக்கு அதற்குள் எத்தனை பிள்ளைகள் கையைவிட்டுப் போகும் என்று நினைத்துப் பாருங்கள்.

கவுன்சிலிலிருந்து ஹெவின் என்ற அதிகாரி வந்து வசந்த காலத்தில் அதே பின்கூடத்தில் ஒரு கூட்டம் போட்டார். மொழிபெயர்ப்பாளர் ஒருவரையும், ஒரு பெட்டி நிறைய ஹெட்போனையும் கொண்டுவந்தார். அதை மாட்டிக்கொண்டால் வெல்ஷ் பேச்சு ஆங்கிலத்தில் காதுக்கு வரும். ஒருவரும் எடுக்கவில்லை. எடுத்தால் எனக்கு வெல்ஷ் தெரியாது என்று ஊருக்கே காட்டியதாகிவிடும் அல்லவா? தபால் கடை எல்வின் வெல்ஷில் தொடங்கினார். முன்வரிசையில் டாரன் வெறுங்காதோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். உடனே ஆங்கிலத்துக்கு மாறினார். பிறகு எல்லாருமே மாறினார்கள். மொழிபெயர்ப்பாளர் மூலையில் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

டாரன் கூரை வேலை செய்கிறவன், வெல்ஷ் தெரியாதவன். அவன் மகள் மாப்லி செப்டம்பரில் பள்ளிக்குப் போக வேண்டியவள். வீட்டுப்பாடத்துக்கு நான் எப்படி உதவுவது என்று அன்று கேட்டது அவன்தான். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார்கள்.

பிறகு ஹெவின் மெலேரிக்குப் போன் செய்தார். ஊர்க்கூட்டமே ஆங்கிலத்தில் நடந்தது என்றுதான் எழுத வேண்டியிருக்கும், அப்படிப்பட்ட ஊரில் வெல்ஷ் வகுப்பு நிற்குமா என்று மேலே கேட்பார்கள் என்றார். அவள் கெஞ்சியதில் இன்னொரு கூட்டத்துக்கு ஒப்புக்கொண்டார்.

இந்த முறை மெலேரி வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள், ஆங்கிலத்துக்கு மாறாதீர்கள் என்று. எல்லாரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவது எளிது. கூட்டத்தன்று அவள் வாசலிலேயே நின்று டாரன் கையில் ஹெட்போனைத் திணித்தாள்.

"எனக்கு மட்டும் என்ன, செவிட்டுப் பட்டமா?" என்றான்.

"மாட்டிக்கோ, டாரன் பாச்," என்றாள். செல்லமாகக் கூப்பிடுவதற்கு எங்கள் பக்கத்தில் பாச் என்போம். "நீ மாட்டலன்னா எல்வின் நாக்கு வெல்ஷில நிக்காது."

அவன் மாட்டிக்கொண்டான். அவனைப் பார்த்துப் பின்வரிசையில் நாலைந்து பேரும் எடுத்தார்கள். எல்வின் அடிக்கடி டாரனின் முகத்தைப் பார்த்தபடி பேசினார். டாரன் தலையாட்டினான். மற்றவர்கள் சிரித்தபோது சற்றுத் தாமதமாகச் சிரித்தான். கூட்டம் முழுவதும் வெல்ஷிலேயே நடந்தது. கடைசியில், செப்டம்பரில் வகுப்பு வேண்டும் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றார் ஹெவின். டாரனும் தூக்கினான். ஹெவின் அவனைப் பார்த்துச் சந்தோஷமாக ஏதோ எழுதிக்கொண்டார்.

நான் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். மெலேரி ஹெட்போன்களைத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தாள். டாரனுடையதை வாங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். மற்றவற்றில் எரிந்த சின்னப் பச்சை விளக்கு அதில் இல்லை.

"இது எப்பலேருந்து எரியல?"

"ஆரம்பத்துலேருந்தே."

"சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லலாம்னுதான் பாத்தேன். எல்வின் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்தாரு. ஒரு விரலத் தூக்கியிருந்தாலும் எல்லாரும் மாத்தியிருப்பீங்க. நான் கதவத் தெறந்தாலே உங்க பேச்சு மாறிடுது, மெலேரி. நான் இருக்கிறப்ப அது மாறாம ஓடறத ஒரு தடவ பாக்கணும்னு இருந்துச்சு."

"அப்ப எதுக்குக் கை தூக்கினே?"

"இன்னும் கேக் வேணுமான்னு கேட்டாங்கன்னு நெனச்சேன்." அவள் முகத்தைப் பார்த்ததும் விளையாட்டை விட்டான். "தெரியாது. எல்லாரும் தூக்கினாங்க."

வெளியே ஹெவின் பைகளைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார். வீட்டுப்பாடம் பற்றிக் கேட்ட தகப்பனே கை தூக்கினார் என்பதுதான் அவர் எடுத்துப்போகிறவற்றில் கனமான சரக்கு. மெலேரி பேசாமல் இருந்திருக்கலாம். நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அவள் ஹெட்போனை மேசையில் வைத்துவிட்டு இரண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். முதலிலிருந்து எல்லாவற்றையும் அவனுக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். புத்தகத்தோடு பாடத்தின் ஒலிப்பதிவும் வீட்டுக்கு வரும். பெற்றோருக்கு வியாழன் மாலை இங்கேயே வகுப்பு. கிடைக்கப்போவது இப்போதைக்கு ஒரே ஒரு ஆசிரியை என்பதையும் மறைக்கவில்லை.

"அவ தப்பாப் படிச்சா எனக்கு எப்படித் தெரியும்?"

"மொத வருஷம் தெரியாது," என்றாள் மெலேரி. "அதுதான் நெசம்."

டாரன் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனான். நல்ல மழை. மெலேரி நாற்காலியை விட்டு எழவில்லை. நான் வாசல்வரை போனேன்.

"என் கையக் கணக்குலேருந்து அடிச்சிடுங்க," என்றான் ஹெவினிடம். "விஷயம் தெரியாமத் தூக்கினது."

ஹெவின் கார்க் கதவைப் பிடித்தபடி அவனையே பார்த்தார்.

"இப்பதான் கேட்டேன். இத எழுதிக்குங்க." மழையில் அப்படியே கையைத் தூக்கினான். "அப்புறம், அந்த ஹெட்போன் பெட்டிக்குச் சார்ஜ் போடுங்க."

திட்டத்தில் நான்ட்வெர்ன் வந்தது. செப்டம்பரில் மாப்லியும் இன்னும் சிலருமாக வகுப்பு தொடங்கியது. டாரன் வியாழக்கிழமைகளில் வருகிறான், பாதி நாள் கூரையின் தார் வாசனையோடு. இன்னும் நிறையப் புரிவதில்லை. தபால் கடைக்குள் அவன் நுழைந்தால் எல்வினின் பேச்சு பழக்கதோஷத்தில் ஆங்கிலத்துக்குத் தாவப் பார்க்கும். டாரன் ஹெட்போன் மாட்டியிராத தன் காதை விரலால் தட்டிக் காட்டுவான். எல்வின் விட்ட இடத்திலிருந்து வெல்ஷிலேயே தொடர்வார்.