தெஸ்ஸலியின் கதவுகள்

அட்மிரல் சர் மெர்வின் லக்ஸ்டன் பெரும்போர் முடிந்த மறு வருஷம் செத்துப்போனார். பத்திரிகைகள் அவரைத் தலையில் தூக்கிவைத்து ஆடின. ராணி காலத்தில் பாய்மரம் ஏறப் பழகியவராம், அந்த ராணியின் பேரன் காலத்துப் போர் வரைக்கும் கடலுக்காகவே வாழ்ந்தவராம். தெஸ்ஸலி என்ற கப்பல் அந்தப் புகழ்மாலையில் ஒரே ஒரு வரியில் வந்துபோனது. அந்தக் கப்பலில் நான் வைத்தியனாக இருந்தேன்.

அப்போது அவர் அட்மிரலும் இல்லை, சர் பட்டமும் இல்லை. மால்ட்டாவில் நின்ற எங்கள் கப்பலுக்குக் கமாண்டர், அதாவது கேப்டனுக்கு அடுத்தவர். சட்டைக் கையில் மூன்று தங்கப் பட்டை. நாலாவது பட்டை வந்தால் கேப்டன். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அந்த ஜூன் பட்டியலில் பெயர் வராவிட்டால் வீட்டுக்குப் போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியதுதான்.

பட்டியலில் பெயர் வர எங்கள் கடற்படையில் ஒரே வழி, கப்பலைப் பளபளப்பாக வைத்திருப்பது. பீரங்கி சுட்டால் புகை படிந்து பூச்சு கெட்டுவிடும் என்று பயிற்சிக் குண்டுகளைச் சத்தமில்லாமல் கடலில் போட்ட கப்பல்களை எனக்குத் தெரியும். லக்ஸ்டன் எல்லோரையும் மிஞ்சினார். கப்பலின் அடித்தட்டில் அறைக்கு அறை கனத்த இரும்புக் கதவுகள் உண்டு. ஓர் அறையில் ஓட்டை விழுந்தால் கதவை அடைத்துவிடலாம், தண்ணீர் அடுத்த அறைக்குப் போகாது. அந்தக் கதவுகளை அவர் கழற்றி இறக்கச் சொன்னார். அரத்தால் ராவி, உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளிப் பாத்திரம் மாதிரி ஆக்கி மறுபடி மாட்டினார்கள். மாதத்துக்கு ஒருமுறை இதே கூத்து.

"ஏன்யா, கதவுக்கு என்ன கல்யாணமா?" என்று லக்ஸ்டனிடம் கேட்டேன்.

"கல்யாணம் எனக்குய்யா, டாக்டர். மாப்பிள்ளை பார்க்க அட்மிரல் வர்றாரு" என்று சிரித்தார்.

அட்மிரல் வந்தார். வெள்ளைக் கையுறையோடு அடித்தட்டு வரை இறங்கினார். கதவு கதவாகத் தடவிப் பார்த்தார், கையுறையில் ஒரு பொட்டு அழுக்கு இல்லை. "மத்தியதரைக் கடலிலேயே அழகான கப்பல்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். கதவு தேய்த்தவர்களை வரிசையில் நிறுத்தச் சொல்லி, கொதிகலனுக்குக் கரி போடுகிறவர்களின் தலைவன் ஏபெல் டிரெகியரின் கையைக் குலுக்கினார். டிரெகியர் அன்று முழுக்க அந்தக் கையைக் கழுவாமல் திரிந்தான்.

அடுத்த மாதம் அணிவகுப்புப் பயிற்சியில், காலை மூடுபனிக்குள், பக்கத்துக் கப்பல் எங்கள் விலாவில் முட்டியது. முன் கொதிகலன் அறையில் பெரிய ஓட்டை. அங்கிருந்தவர்கள் ஏணி ஏறித் தப்பினார்கள். கதவுகளை அடைத்தார்கள். பின் கொதிகலன் அறை ஆட்களும் ஏணியில் கால் வைத்துவிட்டார்கள். லக்ஸ்டன் மேலிருந்து குனிந்து கத்தினார்.

"எங்கடா ஓடுறீங்க? கதவு அடைச்சாச்சு! நெருப்பை விட்டுட்டு ஒருத்தனும் நகரக் கூடாது! நீராவி இல்லேன்னா பம்பு எப்படிடா ஓடும்?"

"சரிங்கய்யா. டேய், வாங்கடா, ஐயா சொல்றாருல்ல!" டிரெகியரின் குரல் எனக்குக் கேட்டது. எல்லோரும் திரும்பி இறங்கினார்கள்.

அடைத்த கதவின் நான்கு ஓரத்திலும் தண்ணீர் பீய்ச்சியது. சீக்கிரமே முழங்கால், பிறகு இடுப்பு. அது எரிகிற உலைவாயில் ஏறியதும் நீராவி வெடித்துக் கிளம்பியது. பிறகு அவர்களை ஒவ்வொருவராக மேலே கொண்டுவந்தார்கள். நான் பார்த்ததை இங்கே எழுத மாட்டேன். டிரெகியரைப் பெல்ட்டில் இருந்த பெயரை வைத்துத்தான் அடையாளம் கண்டோம் என்பது போதும்.

எப்படியோ பம்பு அடித்து, தள்ளாடித் தள்ளாடி மால்ட்டா வந்து சேர்ந்தோம். தண்ணீர் வற்றியதும் நானும் லக்ஸ்டனும் கீழே இறங்கினோம். கதவு அடைத்தபடியே இருந்தது. அவர் பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்து விளிம்பில் செருகினார். கத்தி தடங்கலே இல்லாமல் உள்ளே போனது. சுற்றிச் சுற்றி எல்லா ஓரத்திலும் போனது.

"ராவி ராவியே கொன்னுட்டேன்யா" என்றார். "கோர்ட்ல சொல்லிடுறேன். பட்டை போனா போகட்டும்."

நான் நம்பினேன். மனிதன் அப்போது உண்மையாகத்தான் சொன்னான்.

விசாரணை அட்மிரலின் கொடிக்கப்பலில் நடந்தது. குற்றவாளி இடத்தில் எங்கள் கேப்டன், அவருடைய வாள் மேசைமேல் குறுக்காக. எதிரே நீதிபதிகளாகக் கேப்டன்கள். அத்தனை பேரும் என்னைப் போலவே அடித்தட்டுக் கதவு பளபளக்கும் கப்பல்களிலிருந்து வந்தவர்கள்தான். முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். சாவுக்குக் காரணம் என்ன என்று கேட்டார்கள்.

"நீராவி. அடைச்ச கதவு வழியா வந்த தண்ணியால" என்றேன்.

"டாக்டர், நீங்க உடம்பைப் பத்திச் சொன்னா போதும். இரும்பைப் பத்தி வேற ஆளுங்க சொல்லுவாங்க" என்றார் தலைமை நீதிபதி. எனக்குக் காது சிவந்தது.

அடுத்தது லக்ஸ்டன். கதவுகள் அடைக்கப்பட்டனவா என்று கேட்டார்கள். ஆமாம் என்றார். அத்தோடு விட்டிருப்பார்கள். ஓரத்தில் இருந்த இளைய கேப்டன் ஒருவர், விவரம் தெரியாமலோ தெரிந்தேயோ, "கதவுகளோட நிலைமை எப்படி இருந்துச்சு, கமாண்டர்?" என்று கேட்டுவிட்டார்.

லக்ஸ்டன் அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். சொல்லய்யா, சொல்லித் தொலையய்யா என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"அட்மிரல் நேர்ல வந்து பார்த்துப் பாராட்டின நிலைமையில இருந்துச்சு, ஐயா."

அதில் பொய் ஒரு சொல் கிடையாது. தலைமை நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "நன்றி கமாண்டர், போகலாம்" என்றார். பழி மூடுபனிமேல் போயிற்று. தீர்ப்புக் கேட்கக் கேப்டன் திரும்ப உள்ளே வந்தபோது மேசைமேல் வாளின் கைப்பிடி அவர் பக்கம் இருந்தது, விடுதலை என்று அர்த்தம். ஜூன் பட்டியலில் லக்ஸ்டன் பெயர் முதல் ஐந்துக்குள் இருந்தது.

டிரெகியரின் மனைவி கெசையா மால்ட்டாவில் ஒரு மாடி அறையில் குடியிருந்தாள். ஊருக்குப் போகும் கப்பலுக்குக் காத்திருந்தாள். லக்ஸ்டன் அவளைப் பார்க்க வேண்டும், நீயும் வா என்றார். அவளிடமாவது சொல்லிவிடுவார் என்று நினைத்துத்தான் கூடப் போனேன். அவர் சட்டைக் கையில் புதிதாகத் தைத்த நாலாவது பட்டை மின்னியது. அவள் எழுந்து நின்று, மேல்துணியால் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"உக்காருங்கய்யா. தேநீர் ஆறிப்போச்சு, சூடு பண்றேன்."

"வேண்டாம்மா. ஒரு விஷயம் சொல்ல வந்தேன். அந்தக் கதவு..."

"அதைத்தான்யா நானும் கேக்கணும்னு இருந்தேன்" என்று அவள் முந்திக்கொண்டாள். "அந்தக் கதவைத் தேய்ச்சுத் தேய்ச்சு அவருக்கு விரல்ல தோலே இல்ல. அட்மிரல் கை குடுத்தாராமே? எல்லாக் கதவும் விட்டுப்போச்சுங்கறாங்க. அவரு தேய்ச்சது மட்டுமாச்சும் தாங்குச்சாய்யா?"

லக்ஸ்டன் தலையாட்டினார்.

"தாங்குச்சும்மா" என்றார். "அவர் கதவுதான் கடைசி வரைக்கும் தாங்குச்சு."

அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. வாசலுக்கு ஓடி வீட்டுக்காரியைக் கூப்பிட்டாள். "கார்மேலா! இங்க வா! ஐயா, இவகிட்டயும் ஒரு தடவை சொல்லுங்கய்யா, நான் சொன்னா நம்ப மாட்டா."

அவர் இன்னொரு தடவை சொன்னார்.

படிக்கட்டில் இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் தடுக்கவில்லை, தேற்றவும் இல்லை. துறைக்கு வந்தோம். அவர் பொறுப்பேற்கப்போகிற புதுக் கப்பல் எதிரே நங்கூரத்தில் நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அதையே வெகுநேரம் பார்த்தார்.

"அந்தக் கப்பல் கதவுகளை என்னய்யா செய்யப்போற?" என்று கேட்டேன்.

"அட்மிரல் வருஷா வருஷம் வருவாரு, டாக்டர்" என்றார். "தண்ணி எப்பவோதான் வரும்."

படகோட்டி கை கொடுத்து அவரை ஏற்றிக்கொண்டான். நான் அடுத்த படகுக்கு நின்றேன்.