சனி ஞாயிறு, புளோரன்ஸ்

"புளோரன்சில என்ன பாக்கப் போறியள்?"

"டேவிட் சிலை."

"அது எங்க இருக்கு?"

அப்பா ரயில் யன்னலைப் பார்த்தார். விசா நேர்காணலுக்காக எங்கள் ஊர் வெரிபீயில் ஏறியதிலிருந்து நான் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"மறந்து போச்சு, பிள்ளை. உடுப்பில்லாத பெடியனைப் பாக்க இவ்வளவு தூரம் போறம் எண்டா ஆர் நம்புவான்? நான் கோலிபிளவர் வெட்டுறவன்."

"பகிடி விடாதேங்கோ, அப்பா."

அவர் பகிடி விடவில்லை. உள்ளங்கையை மறுபடி மறுபடி காற்சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார்.

பாரிஸில் இருக்கும் பவளராணி மாமியின் மகள் பெரியபிள்ளையாகிவிட்டாள். சாமத்திய வீடு என்ற பூப்புச் சடங்கில் தாய்மாமன்தான் முதலில் தண்ணீர் வார்க்க வேண்டும். மாமிக்கு ஒரேயொரு தம்பி, அப்பா. அவர் படகில் அகதியாக இங்கே வந்த பிறகு இருவரும் நேரில் பார்த்ததில்லை. மாமி இங்கே வர இரண்டு முறை விசா கேட்டும் கிடைக்கவில்லை. அப்பாவுக்கு இப்போதுதான் வெளிநாடு போய்வரப் பயணப் புத்தகம் கிடைத்திருந்தது. ஆனால் பிரான்ஸ் விசாவுக்கு, சடங்கு நாளுக்கு முன்னால் ஒரு நேர்காணலும் காலியாக இல்லை.

வழி சொன்னவர் தோட்டத்தில் அப்பாவோடு வேலை செய்யும் லதீஸ் அங்கிள். "இத்தாலிக்குப் போடுங்கோ அண்ணை. கிழமை முழுக்கப் புளோரன்ஸ் எண்டு எழுதுங்கோ. உள்ள போயிட்டா அதே விசாவில ரயிலேறிப் பாரிசுக்குப் போகலாம். ஐரோப்பாவில சொந்தக்காரர் இருக்கினமோ எண்டு கேட்டா மட்டும் இல்லை எண்டுபோடுங்கோ."

இத்தாலி விசா அலுவலகத்தில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் அமைதியாகக் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். இரண்டு தரம் சத்தமாகப் பேசச் சொன்னார். சிலையைப் பற்றி அவர் கேட்கவேயில்லை. ஒரு கிழமை விடுமுறைக்குத் தோட்டம் சம்மதித்ததா, யார் செலவு செய்கிறார்கள் என்று கேட்டார். பிறகு தாளிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

ஐரோப்பாவில் உங்களுக்குக் குடும்பத்தவர் யாராவது இருக்கிறார்களா?

அந்தக் கேள்வி அப்பாவுக்கு ஆங்கிலத்திலேயே விளங்கிவிட்டது. 'நோ' என்ற ஒரு சொல்லைத்தான் அவர் சொல்ல வேண்டும். அவர் என் பக்கம் திரும்பினார். அகதி விசாரணைகளில் எத்தனையோ அதிகாரிகள் முன்னால் அவர் இருந்திருக்கிறார். எல்லோரிடமும் மாமியின் பெயரைச் சொல்லியிருக்கிறார். தன் காதுத் தோட்டை விற்று அப்பாவை அனுப்பிவைத்தவர் மாமி.

"அப்பா, சொல்லுங்கோ."

"ஒரு அக்கா இருக்கிறா எண்டு சொல்லு."

"அப்பா..."

"சொல்லு, நிவேதிகா. இல்லை எண்டு சொல்ல என்னால ஏலாது."

அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நினைத்திருந்தால் மாற்றிச் சொல்லியிருக்கலாம். அவருக்குத் தமிழ் தெரியாது. பாரிஸில் அப்பாவுடைய அக்கா இருக்கிறார் என்று சொன்னேன்.

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. பெரும்பாலான இரவுகள் தங்குவது எந்த நாட்டிலோ, அந்த நாட்டிடம்தான் விசா கேட்க வேண்டும் என்றார். விண்ணப்பத்தைத் திரும்பப் பெறலாம். அல்லது வியாழக்கிழமைக்குள் உண்மையான பயணத் திட்டத்தைக் கொண்டுவரலாம்.

வெளியே நடைபாதையில் நின்று அப்பா மாமிக்கு அழைத்தார். பாரிஸில் அப்போதுதான் விடிந்திருந்தது. ஸ்பீக்கரில் மாமி வெடித்தார்.

"உண்மையைச் சொன்னனீயோ? விசரே உனக்கு? மண்டபம் எடுத்தாச்சு, ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு! மாமன் எங்கே எண்டு அவையள் கேக்க நான் என்னத்தைச் சொல்ல?"

"அக்கா, விசாவுக்கு உன்னை இல்லை எண்டு சொல்ல வேணுமாம்."

மாமி துண்டித்துவிட்டால் அப்பா இனி யாரிடமும் எதுவும் கேட்கமாட்டார்.

நான் தொலைபேசிக்குக் கிட்ட வாயைக் கொண்டுபோனேன். "மாமி, நீங்கள் புளோரன்சுக்கு வரலாம்தானே? பிரான்சில இருக்கிற உங்களுக்கு இத்தாலிக்கு விசா தேவையில்லை. நாங்கள் எழுதிக் குடுத்த மாதிரியே கிழமை முழுக்கப் புளோரன்சில நிக்கிறம். சனி, ஞாயிறு மச்சாளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

"என்ர வீட்டுப் படியேறாமல் என்ர தம்பி எங்கேயோ ஹோட்டலிலயோ? அங்க ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை," என்றார் அப்பா. "நாங்கள்தான், அக்கா."

"அப்ப மண்டபம்?"

"பிறகு வை. படம் எடு, ஆக்களைக் கூப்பிடு, சாப்பாடு குடு. தண்ணியை மட்டும் நான் அங்க வாக்கிறன்."

ஒரு ட்ராம் மணியடித்துக்கொண்டு கடந்தது. அது போய்முடியும்வரை அப்பா தொலைபேசியை நெஞ்சோடு அழுத்திப் பிடித்திருந்தார். மறுபடி முன்னால் நீட்டியபோது மாமி மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"டேய் தவம்."

"சொல்லு, அக்கா."

"அந்த ஹோட்டல் குளியலறையில ஒரு வாளி இருக்குமோ எண்டு கேட்டு வை."